உப்பு விழாத மாவு

கோலப்ப பிள்ளைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் தூணிடம்தான் கேட்பார்.

"வெந்நி ஆச்சா ஆகல்லியான்னு ஒரு மனுசனுக்குத் தெரியாண்டாமா?" என்று அங்கணத்துத் தூணைப் பார்த்து ஒரு கேள்வி போடுவார். தூண் என்ன பதிலா சொல்லும்? அடுக்களைக்குள்ளிருந்து ஆவுடையம்மாள் செம்போடு வருவாள். அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். சோறு வேண்டுமென்றாலும் தூண்தான், சுக்குக் கஷாயம் வேண்டுமென்றாலும் தூண்தான். கட்டிய பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசி எட்டு வருஷம் ஆகிறது. ஊமைக்கும் ஊமைக்கும் கல்யாணம் செய்து வைத்திருந்தால்கூட இந்நேரம் கையாலும் கண்ணாலும் எவ்வளவோ பேசியிருப்பார்கள்...

அன்று ஆடிச் செவ்வாய். விடிந்ததிலிருந்து ஆவுடைக்கு வேலை ஓயவில்லை. நோன்புக்கு இடிக்க வேண்டிய பச்சரிசியைக் களைந்து, சுளகில் உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் தாணம்மை வந்து அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். பதினைந்து வயது. ஆவணியில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. அம்மையிடம் பேசும்போது அவளும் சுவரைத்தான் பார்ப்பாள்; அப்பாவிடம் படித்த பாடம்.

பந்தல் காரியங்களையெல்லாம் அப்பா பேசி முடித்துவிட்டார் என்றாள். தாரை வார்க்கும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் பூதப்பாண்டிப் பெரியம்மைதான் நிற்பாள் என்றாள்.

ஆவுடையின் கை சுளகிலேயே நின்றுவிட்டது. "நான் இருக்கேனே, மக்ளே..."

"நீ நிக்காண்டாம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரிய கழுத்தைப் பாப்பாளுவ. ஆச்சியோட காசுமாலை எங்கேன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்! ஆவுடை அழவில்லை. அழுது என்ன ஆகப் போகிறது? அரிசியை மறுபடியும் கிளறிவிட்டாள். புருஷன் பேசாததைப் பொறுத்தாயிற்று. ஆனால் பெற்ற மகள் தன்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டே இன்னொரு வீட்டுப் படி ஏறப் போகிறாள் என்பதை எப்படிப் பொறுப்பது? ஆவணி பிறந்துவிட்டால் அவள் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் ஆவுடையும் ஒரு தூணும்தான் மிச்சம்.

நோன்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்பது நாஞ்சில் நாட்டுப் பெண்களின் கணக்கு. அந்த மாதங்களில் ஏதாவது ஒரு செவ்வாயில் ஔவைக்கு நோன்பு இருந்துவிட வேண்டும். பச்சரிசி மாவில் தேங்காய் சேர்த்துக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். உப்பு ஒரு கல் விழக் கூடாது. ஆண் கண்ணில் படக் கூடாது. பால்குடி மறவாத பையனுக்கும் அங்கே இடம் இல்லை. ஊரை அதட்டுகிற பெரிய மீசைகள் எல்லாம் அன்று பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு நடக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த ஊர்ப் பெண்களிடம் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. நோன்புக்கு வந்து நிற்கிறவளை நீ யார், எந்த வீடு என்று கேட்கக் கூடாது. உட்காரவைத்து இலை போட வேண்டும். அங்கே நடந்ததை எந்த ஆணிடமும், நோன்பு இருக்காத எவளிடமும் சொல்லக் கூடாது. தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லி, எழுத்து வாசனை இல்லாத பெண்கள் காப்பாற்றி வந்த சட்டம் அது.

இந்தச் சட்டத்தில்தான் ஆவுடையின் வாழ்வு சிக்கிக்கொண்டது.

கோலப்ப பிள்ளைக்கு ஒரு தங்கை இருந்தாள், நீலம்மை. அப்பன் சீக்கிரம் போய்விட்டதால், தோளில் தூக்கி வளர்த்ததெல்லாம் அவர்தான். அப்படி வளர்த்த பெண், மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஜெபமணி என்கிற வாத்தியாரோடு ஒரு நாள் போய்விட்டாள். குழித்துறைப் பக்கம் குடியிருக்கிறாள், ஞானஸ்நானம் வாங்கி செல்லபாய் என்று பெயர் வைத்துக்கொண்டாள் என்று சேதி வந்தது. கோலப்ப பிள்ளை ஆற்றில் போய்த் தலை முழுகினார். பதினாறும் நடத்தினார். இனி இந்த வீட்டில் அவள் பெயரை எவனாவது எவளாவது எடுத்தால் அவர்களுக்கும் இதே முழுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். தாய்க்காரி அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். போகும்போது தன் கழுத்துக் காசுமாலையைக் கழற்றி மருமகள் கழுத்தில் போட்டாள். அப்போது தாணம்மைக்கு ஐந்து வயது.

இரண்டு வருஷம் கழித்து, மருமக்கள்வழி மாறி மக்கள்வழிச் சட்டம் வந்ததே, அதே ஆடியில் ஒரு செவ்வாய். பொன்னுலிங்கம் பிள்ளை வீட்டில் நோன்பு. கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தபோது புறவாசலில் ஒருத்தி முக்காட்டோடு வந்து நின்றாள். கையில் காய்ச்சலில் துவண்ட பெண் குழந்தை. பொன்னுலிங்கம் பிள்ளையின் மனைவி வேலம்மை விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எல்லாருக்கும்தான் தெரிந்தது. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. வேலம்மை ஒரு இலையை எடுத்துத் தன் பக்கத்தில் விரித்தாள்.

செத்துப்போனவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்!

வாத்தியாருக்கு வயிற்றுக்கட்டி, வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தைக்கு மருந்து வாங்க வழியில்லை, போக்கிடமும் இல்லை என்று நீலம்மை மெல்லச் சொன்னாள். இந்த ஊரில் தனக்குத் திறக்கும் கதவு இது ஒன்றுதான் என்று தெரிந்து, அம்மை சொல்லித் தந்த நோன்பை நினைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். ஆவுடை எழுந்து போய் அவள் கழுத்தில் காசுமாலையைப் போட்டாள். அவள் பதறிப்போய் வேண்டாம் என்றபோது, "ஒங்க அம்மைக்குள்ளது ஒனக்குத்தான்... நான் இதுவரைக்கும் காத்து வச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் காலையில் கோலப்ப பிள்ளையின் கண் நேரே அவள் கழுத்துக்குப் போயிற்று. மாலை எங்கே என்று கேட்டார்.

"அது நோன்புக் காரியம். ஆம்பிளைக்குச் சொல்லப்பிடாது."

வேறு ஊராக இருந்தால் புருஷன் வேறு எதையாவது நினைத்திருப்பான். நாஞ்சில் நாட்டு வெள்ளாளன் நினைப்பதற்கு ஒன்றுதான் உண்டு. மருமக்கள்வழிக் காலத்தில் சொத்தெல்லாம் அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு; புருஷன் சொத்தில் பெண்டாட்டிக்குப் பிடிமானம் கிடையாது. அதனால் அவள் கைக்குக் கிடைத்ததைப் பொறந்த வீட்டுக்குக் கடத்துவாள் என்று காலங்காலமாக ஒரு சந்தேகம். சட்டம் மாறினால் மனசு மாறிவிடுமா? கோலப்ப பிள்ளை தோவாளையில் இருந்த ஆவுடையின் அண்ணன் வீட்டுக்கு நேரே போய், தெருவில் நின்று, மாலையைத் திருப்பிக் கொடடா என்று கேட்டுவிட்டார். மானமுள்ள மனுஷன், அண்ணன் குன்றிப்போனான். தங்கையிடம் ஓடிவந்து கேட்டான். அண்ணனும் ஆம்பிளைதானே... அவனிடமும் அவள் சொல்லவில்லை. இனி நீ வரவும் வேண்டாம், நான் வரவும் மாட்டேன் என்று அவன் திரும்பிப் போனான். ஒரே நாளில் அவளுக்குப் புருஷனும் போனான், பொறந்த வீடும் போயிற்று.

ஊர்ப் பெண்களுக்கு எல்லாம் தெரியும். குளத்துப் படியில் துவைக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். சொல்லித் தொலையேன், ஔவை என்ன கண்ணையா குத்தப் போகிறாள் என்று வேலம்மைகூட ஒரு தடவை கேட்டாள். சாமி கண்ணைக் குத்துமோ இல்லையோ, ஆவுடைக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. சொன்னால் கோலப்ப பிள்ளை ஊர் எல்லையில் ஆள் நிறுத்துவார். முடிந்தபோதெல்லாம் நோன்புக்கு வந்து போகும் நீலம்மைக்கு இருக்கும் ஒரு கதவும் அடைபட்டுப் போகும். தன் வாய் அடைத்திருந்தால் அவளுக்குக் கதவு திறந்திருக்கும். இந்தக் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. பெற்ற மகளும் அந்தக் கணக்கில் போய்விடுவாள் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

நோன்பு என்ற பெயரில் பெண்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று சொல்லி, கோலப்ப பிள்ளை மகளை அந்தப் பக்கமே விடாமல் வைத்திருந்தார். இந்த வருஷம்தான் வேறு வழியில்லாமல் போயிற்று. ஔவை நோன்பு இருக்காத பெண்ணைத் தங்கள் வீட்டில் விளக்கேற்ற விடமாட்டோம் என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் தாயும் மகளும் பொன்னுலிங்கம் பிள்ளை வீட்டுக்கு நடந்தார்கள். தாணம்மை நாலடி முன்னால் போனாள். ஆவுடை மாவுக் கூடையோடு பின்னால் போனாள். நீலம்மை இன்று வர வேண்டும் என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது. அடுத்த நிமிஷமே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. இல்லாதவள் பசிக்கு வருகிற வாசலில் தன் நியாயத்துக்குச் சாட்சி தேடுவதா என்று. வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் எங்கேயாவது வயிறு நிறைந்து இருந்தால் சரி என்று மாற்றி வேண்டினாள்.

வேலம்மை தாணம்மைக்கு விதிகளைச் சொன்னாள். சத்தியம் வாங்கினாள். தேங்காய் துருவினார்கள், மாவு பிசைந்தார்கள், அண்ணன்மார் கைவிட்ட தங்கச்சியை ஔவை கைதூக்கிவிட்ட கதையைச் சொன்னார்கள். தாணம்மை அரைக்காதாகக் கேட்டுக்கொண்டு, அம்மைக்கு மறுபக்கம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

புறவாசலில் நிழல் தட்டியது.

நீலம்மை வந்தாள். முக்காட்டை விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தபோது தாணம்மை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அப்பாவின் நெற்றி, அப்பாவின் மூக்கு, தாடையில் விரலால் அமுக்கியதுபோல அப்பாவுக்கு இருக்கும் அதே குழி. பின்னாலேயே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள், தேவகனி. அவள் தாடையிலும் அந்தக் குழி இருந்தது. வேலம்மை ஒன்றும் கேட்காமல் இரண்டு இலை விரித்தாள்.

"நீ தாணம்மையா, மக்ளே? நான் ஒனக்கு அத்தை" என்றாள் நீலம்மை. தன் மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவ உசிரு ஒங்க அம்மை போட்ட பிச்சை. அந்தக் காசுமாலையிலதான் இவளும் பொழச்சா, இவ அப்பனும் எந்திரிச்சு நடந்தாரு. ஒங்க அம்மை ஒங்கிட்ட சொல்லியிருப்பாளே?"

தாணம்மை அம்மையைத் திரும்பிப் பார்த்தாள். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கப் பிடிக்க மாவு உடைந்து உடைந்து போயிற்று. சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் தான் ஒருத்திதான்...

பெண் எழுந்து வந்தாள். அம்மையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கிய வேலம்மையே முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா..."

"நீ அப்ப நோன்பு இருக்கல்லியே, மக்ளே" என்றாள் ஆவுடை. எட்டு வருஷம் தொடாத தலையை அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை. கோலப்ப பிள்ளை மண்டபத்திலிருந்து பாயோடு திரும்பி வந்து, வழக்கம்போலத் தூணிடம் காரியத்தைத் தொடங்கினார். வெந்நீர்ச் செம்பை மகள் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"எப்பா, பந்தல்ல அம்மைதான் நிக்கணும். அம்மை நிக்காத பந்தல்ல நானும் நிக்கமாட்டேன்."

கோலப்ப பிள்ளைக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். ஒரே ராத்திரியில் மருந்து வைத்துவிட்டாளுகளா என்று கேட்டார். மகள் அசையவில்லை. என்ன காரணம் என்று அதட்டினார்.

"அது நோன்புக் காரியம். ஆம்பிளைக்குச் சொல்லப்பிடாது."

அடுக்களையில் ஆவுடை அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். அதே வார்த்தை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே அங்கணத்தில் அவள் சொன்ன வார்த்தை. அன்று அதைக் கள்ளியின் சாக்கு என்று தள்ளியவர், இன்று தான் ஊட்டி வளர்த்த மகளின் வாயில் கேட்டு நின்றார். இவளுக்கு எந்தப் பொறந்த வீடு? இவள் எதை எங்கே கடத்தப் போகிறாள்? அப்படியானால் அந்த வீட்டுக்குள் சொல்ல முடியாத ஏதோ ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

"அங்கே... நமக்கு வேண்டியவ யாராவது வந்தாளா, மக்ளே?"

தாணம்மை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். கண் தாடைக்கு வந்ததும் அங்கேயே நின்று பொலபொலவென்று வழிய ஆரம்பித்தது. கோலப்ப பிள்ளையின் கை தானாக எழுந்து தன் தாடைக் குழியைத் தொட்டது. அந்த வீட்டில் அந்தக் குழியோடு பிறந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தியைத் தலைமுழுகியாயிற்று.

கோலப்ப பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. மாலை எங்கே போயிற்று என்பதும், தோவாளைத் தெருவில் நின்று தான் என்ன செய்தார் என்பதும் சேர்த்தே புரிந்துவிட்டது. வெந்நீரை அப்படியே விட்டுவிட்டு வயலுக்குப் போனார். பொழுது சாயத்தான் வந்தார். கால் கழுவிக்கொண்டே தூணைப் பார்த்து, "பந்தல்ல யாரு நிக்கணும்னு பெத்தவளுக்குத் தெரியாதா? இதையும் நான்தான் சொல்லணுமா?" என்றார். குரல் பாதியில் உடைந்து போயிற்று.

தாணம்மை ஓடிவந்து அம்மையைக் கட்டிக்கொண்டாள். ஆவுடைக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் மகள் தூங்கின பிறகு அவள் உட்கார்ந்து யோசித்தாள். தெரிந்துகொண்ட மனுஷன் நாளைக்கு எல்லையில் ஆள் நிறுத்துவாரா? தன் வாயைக் காத்தும் கதவு அடைபட்டுப் போகுமா? நாளெல்லாம் அந்தப் பயம் அவளை அரித்தது. கல்யாணப் பெண்ணிடம் அதைச் சொல்லி அழவும் மனம் வரவில்லை.

ஆடிக் கடைசிச் செவ்வாய் வந்தது. காலையில் ஆவுடை உரலடியில் அரிசியை அளந்துகொண்டிருந்தாள். கோலப்ப பிள்ளை வந்தார். தூணைத் தாண்டி வந்தார்.

"ஆவுடை..."

அவள் கையிலிருந்த படி நழுவியது. பெயரைச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்! நிமிர்ந்து பார்த்தாள். நேருக்கு நேர் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனுஷன் எவ்வளவு நரைத்துப் போயிருக்கிறார் என்று. பக்கத்திலேயே இருந்தும் அது அவள் கண்ணில் படவில்லை.

"அவ சொகமா இருக்காளா?"

ஆவுடை குனிந்து படியை எடுத்தாள். "நோன்புக் காரியம்..." என்று தொடங்கினாள்.

"வேண்டாம், சொல்லாண்டாம். ஒன் வாயிலேருந்து அதை நான் கேக்கப்பிடாது. அரிசி மட்டும் கூட ரெண்டு படி போட்டு இடி." கக்கத்தில் இருந்த பொட்டலத்தை உரலுக்குப் பக்கத்தில் வைத்தார். கோட்டாற்றுச் சேலை ஒன்று. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. போகத் திரும்பியவர் நின்றார். "தோவாளைக்கு நாளைக்கு நான் போறேன். ஒங்க அண்ணன் கால்ல விழணும்னா விழுந்துட்டு வாறேன்." இன்னும் போகவில்லை. "ஒரு சேலை போருமா?"

ஆவுடை யோசித்தாள். நடந்ததைச் சொல்லத்தான் கூடாது. வேண்டியதைச் சொல்லக் கூடாது என்று விதி இல்லையே.

"சின்னதா ஒரு பாவாடைத் துணியும் இருந்தா நல்லது" என்றாள்.

கோலப்ப பிள்ளை அதைக் கேட்டு அப்படியே நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதையும் பார்க்காமல் மறுபடியும் கோட்டாற்றுக்கு நடந்தார்.

ஆவுடை உலக்கையை எடுத்தாள். நாலு குத்துக் குத்துவதற்குள் கண் மறைத்துவிட்டது. எட்டு வருஷத்துக் கண்ணீர், எங்கே இருந்ததோ, நிற்கவே மாட்டேன் என்றது. அவள் சட்டென்று உரலை விட்டு நாலடி தள்ளிப் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுது தீர்த்தாள். நோன்பு மாவில் உப்பு விழக் கூடாது.